கஜா புயலில் அத்தனை தென்னைகள் ஏன் சாய்ந்தன? அதே இடத்தில் மறுபடியும் தென்னையே வைக்கலாமா?

கேட்டவர்: பேராவூரணிக்காரன்

அனைவருக்கும் வணக்கம். பேராவூரணிக்குத் தெற்கே எங்கள் குடும்பத்துக்கு மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு இருந்தது. 2018 நவம்பர் 15 இரவு படுக்கப் போனபோது அதில் 210 மரங்கள் நின்றன. மறுநாள் விடிந்தபோது 31 மரங்கள் மட்டுமே நின்றன, அவற்றிலும் குருத்து திருகிப்போன பன்னிரண்டு மரங்கள் அடுத்த சித்திரைக்குள் காய்ந்துவிட்டன. அப்பா ஒன்றரை ஏக்கரில் மறுபடியும் நெட்டைக் கன்றுகளை வைத்து வளர்த்துவிட்டார். மீதி ஒன்றரை ஏக்கரில் இத்தனை வருடமாக உளுந்தும் எள்ளும்தான் மாறி மாறி விதைத்து வருகிறோம். அதிலும் தென்னையே வைக்க வேண்டும் என்பது அப்பாவின் எண்ணம். இன்னொரு புயலுக்குத் தீனி போட்டு வளர்க்க வேண்டுமா என்பது தம்பியின் கேள்வி. இருவருக்கும் நடுவில் நான் இருக்கிறேன்.

முடிவு எடுப்பதற்கு முன் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது காற்று மணிக்கு 100 முதல் 110 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 120 கிலோமீட்டர் வேகத்திலும் வீசியதாக வானிலைத் துறை சொன்னது. தென்னை வளைந்து கொடுக்கும் மரம், கடற்கரைக்கென்றே பிறந்த மரம் என்றுதான் சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்திருக்கிறோம். அந்த வேகத்துக்கு எழுபது எண்பது வயது மரங்கள்கூட வேரோடு வந்துவிடுமா, அல்லது எங்கள் பக்கம் அடித்த காற்று அந்தக் கணக்கில் வராத ஒன்றா? இது முதலாவது. இரண்டாவது, இனிமேல் வைப்பதாக இருந்தால் எதை, எப்படி வைக்கலாம் என்பது. அனுபவப்பட்டவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஒரு தகவல் உதவலாம். எங்கள் ஊரில் காற்று முதலில் வடக்கேயிருந்து அடித்தது. அதிகாலை நான்கு மணி வாக்கில் சற்று நேரம் ஓய்ந்தது. முடிந்துவிட்டது என்று கதவைத் திறந்தவர்கள் பலர். பிறகு தெற்கேயிருந்து அடித்ததில்தான் பெரும்பாலான மரங்கள் போயின.

பதில் 1: காற்றாடி

ஐயா, தங்கள் கடைசிப் பத்தியிலேயே பாதி விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். வானிலையைப் பல ஆண்டுகளாக ஆர்வத்தோடு கவனித்து வருபவன் என்ற அளவில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வானிலைத் துறை சொல்லும் 100, 110 என்ற எண்கள் மூன்று நிமிடச் சராசரி. திறந்தவெளியில் தரையிலிருந்து பத்து மீட்டர் உயரத்தில் வீசும் காற்றுக்கு அது பொருந்தும். இந்தியக் கணக்கில் சராசரி வேகம் 89 முதல் 117 கிலோமீட்டர் வரை இருந்தால் அது தீவிரப் புயல். கஜா கரை கடந்தபோது வந்த அறிவிப்பு அதை அந்த வகையில் வைத்தது; பிறகு வந்த அறிக்கை அதை அதற்கும் மேலான மிகத் தீவிரப் புயலாகக் கணக்கிட்டது. ஆனால் மரத்தைச் சாய்ப்பது சராசரி அல்ல, சில நொடிகள் மட்டும் வந்து போகும் வீச்சு. அந்த வீச்சு எந்த ஊரில் எவ்வளவு இருந்தது என்று அளக்க, ஊருக்கு ஊர் கருவி கிடையாது. எனவே பொதுவாக அறிவித்த எண்ணைத் தங்கள் தோப்பில் அடித்த காற்றின் அளவாக எடுத்துக்கொள்ள முடியாது. அது கூடவும் இருந்திருக்கலாம்.

அடுத்தது, வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். மணிக்கு 60 கிலோமீட்டர் காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பின் மீது ஏறக்குறைய 17 கிலோ எடைக்குச் சமமாக அழுத்துகிறது என்றால், 120 கிலோமீட்டர் காற்று ஏறக்குறைய 68 கிலோவாக அழுத்தும். அறுபது அடி உயரத்தில் மட்டையும் குலையுமாக விரிந்திருக்கும் ஒரு தலையை அந்த அழுத்தத்தோடு நெம்புகோலில் பிடித்து ஆட்டுவதாக நினைத்துப் பாருங்கள்.

இப்போது தாங்கள் சொன்ன ஓய்வுக்கு வருகிறேன். வட கோளத்தில் புயல் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. கஜா கிழக்கிலிருந்து மேற்காக வேதாரண்யம், முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டை என்று டெல்டாவின் தென்விளிம்பை ஒட்டியே வந்தது. மையம் நெருங்கும்போது வடக்கேயிருந்தும், கடந்த பிறகு தெற்கேயிருந்தும் காற்று வீசும். நடுவில் மையப்பகுதியோ அதன் ஓரமோ தலைக்கு மேலே கடக்கும்போது காற்று ஓயும். வடக்குக் காற்றில் ஒரு பக்கம் வேர் அறுந்து இளகி நின்ற மரத்தை, எதிர்ப்பக்கத்திலிருந்து வந்த காற்று சுலபமாகப் புரட்டிவிட்டது என்பதே பொருத்தமான விளக்கம். அந்த ஓய்வை நம்பி வெளியே வந்தவர்கள் உயிரோடு திரும்பியது அதிர்ஷ்டம் என்றே சொல்வேன்.

இன்னொன்றும் உண்டு. பொதுவாகக் கரை கடந்ததும் புயல் வேகமாக மெலியும். டெல்டா தட்டையான நிலம். ஐப்பசி முடியும் நேரத்தில் வயலெல்லாம் தண்ணீர். தடுக்க மலையும் இல்லை, மேடும் இல்லை. அதனால் தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்கள் வரை அது புயலாகவே வந்தது; காலையில் திண்டுக்கல் பக்கம் மெலிந்து, கேரளம் வழியே அரபிக்கடலில் இறங்கிவிட்டது. கடலோரத்துக்கு வெகு தூரத்தில் இருந்த கொடைக்கானல் மலைப்பாதையில்கூட மரங்கள் விழுந்து போக்குவரத்து நின்றது என்பது நினைவிருக்கும்.

முன்னறிவிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதல் சில நாட்களில் கடலூருக்கு வடக்கே கரை கடக்கும் என்ற எதிர்பார்ப்புதான் இருந்தது. பிறகு பாதை தெற்கே திரும்பி, கடலூருக்கும் பாம்பனுக்கும் இடையே என்று மாறியது. அந்தத் திருத்தம் போதிய நேரத்தோடு வந்ததால்தான் 80,000-க்கும் மேற்பட்டவர்களை முன்கூட்டியே முகாம்களுக்கு அழைத்துச் செல்ல முடிந்தது. 1977 நவம்பர் 12 அன்று இதே நாகப்பட்டினத்துக்குத் தெற்கே கரை கடந்த புயலில் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கஜாவில் உயிரிழப்பு நூறுக்குள் அடங்கியது. மனிதர்களை நகர்த்திவிடலாம். மரத்தை நகர்த்த முடியாதல்லவா.

பதில் 2: ஒரத்தநாட்டு விவசாயி

காற்றாடி அவர்கள் சொன்ன கணக்கு சரியாக இருக்கலாம். நான் மண்ணைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் ஒரே காற்றில் என் தோப்பில் பாதிக்கு மேல் போயிற்று, வரப்பில் நின்ற பதினோரு பனைகளில் ஒன்றுகூடச் சாயவில்லை. அன்று காலை எங்கள் ஊரில் பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னது இதைத்தான்: தென்னை படுத்துவிட்டது, பனை நிற்கிறது.

தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. அடித்தண்டிலிருந்து ஆயிரக்கணக்கில் சல்லிவேர்கள் கிளம்பிப் பக்கவாட்டில் ஓடும். அவற்றில் பெரும்பகுதி மேல்மண்ணில்தான் இருக்கும். நாம் செய்தது என்ன? மரத்தைச் சுற்றிப் பாத்தி கட்டி, போர் தண்ணீரை அந்த ஆறடிக்குள்ளேயே வருடம் முழுக்கப் பாய்ச்சினோம், உரத்தையும் அங்கேயே போட்டோம். வேர் எதற்காக ஆழமாகப் போக வேண்டும்? எங்கள் பக்கம் கொஞ்சம் தோண்டினால் செம்புரைக் கல் தட்டுகிறது, அதுவும் வேரைத் தடுக்கிறது. இதோடு அந்த ஐப்பசி மழையில் மேல்மண் ஊறிக் குழைந்திருந்தது. விழுந்த மரங்களைப் புரட்டிப் பார்த்தபோது பலவற்றின் வேர்க்கட்டு ஒரு பெரிய அண்டாவை மூடும் தட்டு அளவுக்குத்தான் இருந்தது. குழி ஆழமாக எடுத்து மூன்றடிக்குக் கீழே கன்று வைத்து, வருடாவருடம் மண் அணைத்து வந்த என் பெரியப்பாவின் தோப்பில் விழுந்தவை குறைவு. இது ஒரு தோப்பில் கண்டது மட்டுமே, ஆராய்ச்சி அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நிவாரணம் பற்றித் தாங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் மறுநடவுக் கணக்கில் அது வரும். விழுந்த மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500 ரூபாய், ஆக மரத்துக்கு 1,100 ரூபாய் என்று அரசு அறிவித்தது. எக்டேருக்கு 175 மரம் என்ற கணக்கில் 1,92,500 ரூபாய். இருபத்தைந்து அடிக்கு ஒன்றாக நட்டால் எக்டேருக்கு ஏறக்குறைய அத்தனை மரம்தான் வரும், எனவே எண்ணிக்கையில் குறை சொல்ல முடியாது. ஆனால் நன்கு காய்க்கும் ஒரு மரம் ஓரிரு வருடத்தில் கொடுப்பதுதான் அந்த 1,100. நெட்டைக் கன்று பாளை விட ஆறேழு வருடம் ஆகும். அகற்றும் செலவு 500-க்குள் யாருக்கும் அடங்கவில்லை. ஊர் முழுக்க மரம் கிடந்தபோது பொக்லைன் வாடகை என்னவாக இருந்தது என்று தங்களுக்கே தெரியும். செலவுக்குப் பயந்து தடிகளை அப்படியே போட்டுவைத்தவர்கள் தோப்பில் காண்டாமிருக வண்டு பெருகி, பிழைத்த மரங்களின் குருத்தையும் தின்றது. மட்கும் தடிதான் அதற்குத் தொட்டில்.

இன்னொரு கொடுமை, தென்னை மரக் காப்பீட்டுத் திட்டம் ஒன்று தென்னை வளர்ச்சி வாரியத்தின் மூலம் அப்போதே இருந்தது. பதினாறு முதல் அறுபது வயது வரையான மரத்துக்குப் பிரீமியம் 14 ரூபாய் (இளம் மரங்களுக்கு அதைவிடக் குறைவு); அதில் பாதியை வாரியமும் கால்பங்கை மாநில அரசும் கட்ட, விவசாயி கட்ட வேண்டியது மரத்துக்கு வருடம் மூன்றரை ரூபாய். மரம் போனால் 1,750 ரூபாய். என்னைக் கேட்டால், புயலுக்கு முன் எங்கள் ஊரில் அதைக் கட்டியவர் என்று ஒருவரைக்கூட எனக்குத் தெரியாது. நானும் கட்டவில்லை. யாரும் வந்து சொல்லவில்லை என்பது உண்மை. நாங்களும் போய்க் கேட்கவில்லை என்பதும் உண்மை.

எனவே என் கருத்து: தென்னை வையுங்கள், ஆனால் ஒன்றரை ஏக்கரிலும் தென்னையை மட்டும் வைக்காதீர்கள். குழியை ஆழப்படுத்துங்கள், பாத்தியை ஆண்டுக்கு ஆண்டு அகலப்படுத்துங்கள், தெற்கு வடக்கு வரப்புகளில் பனை விதை போடுங்கள். பனை வளர்வது நம் காலத்துக்கு அல்ல, அதையும் தெரிந்தே போடுங்கள்.

பதில் 3: அகஸ்தியம்பள்ளியான்

கஜா என்றாலே தென்னை என்று பேசி முடித்துவிடுகிறார்கள். கரை கடந்த இடத்தில் இருப்பவன் என்ற உரிமையில் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன். தலைப்பை விட்டு விலகுவதாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளவும், இறுதியில் தங்கள் கேள்விக்கே வருகிறேன்.

எங்கள் பக்கம் உப்பளம். மழைக்காலத்தில் உற்பத்தி கிடையாது. கோடையில் வாரிய உப்பைக் குவித்து மூடி வைத்து, விலை ஏறும்போது கொஞ்சம் கொஞ்சமாக விற்போம். அந்த இரவில் கடல் தண்ணீரும் மழையும் சேர்ந்து அம்பாரங்களைக் கரைத்துவிட்டன. அது போனால் ஒரு வருட வருமானம் போனது என்று விட்டுவிடலாம். ஆனால் கடல் உள்ளே கொண்டுவந்து போட்ட கரும் சேறு பாத்திகளை நிரப்பிவிட்டது. உப்புப் பாத்தியின் தரை வருடக்கணக்கில் மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்தியது. அதன் மேல் சேறு படிந்தால் உப்பு அழுக்காகும், யாரும் வாங்க மாட்டார்கள். அந்தச் சேற்றை வழித்து அள்ளி, மறுபடியும் தரையை மிதித்து உப்பு எடுக்கும் நிலைக்கு வர எங்களுக்கு அடுத்த கோடையும் போதவில்லை.

கடலோரக் குப்பங்களில் ஃபைபர் படகுகள் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தன. மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் பக்கம் விசைப்படகுகள் உடைந்ததைத் தாங்களே பார்த்திருப்பீர்கள். வேதாரண்யத்தைச் சுற்றி முல்லையும் மல்லிகையும் மாவும் முந்திரியும் போயின. கோடியக்கரைக் காட்டில் வெளிமான்களும் மட்டக்குதிரைகளும் செத்துக் கிடந்தன. முத்துப்பேட்டை அலையாத்திக் காடு அலையை வாங்கிக்கொள்ளும். காற்றை என்ன செய்யும்? அதுவே மொட்டையாக நின்றது. மின்கம்பங்கள் மாவட்டம் மாவட்டமாக ஒரு லட்சத்துக்கும் மேல் விழுந்திருந்ததால், ஊராட்சித் தொட்டியில் தண்ணீர் ஏற்றக்கூட ஜெனரேட்டரை வாடகைக்குப் பிடித்து வந்து ஓட்ட வேண்டியிருந்தது. வெளி மாவட்டங்களிலிருந்தும் பக்கத்து மாநிலங்களிலிருந்தும் வந்து, வயல் சேற்றில் இடுப்பளவு இறங்கிக் கம்பம் நட்ட மின் ஊழியர்களை எங்கள் ஊர் இன்னும் மறக்கவில்லை.

சொல்ல வந்தது வேறு. நிவாரணம் பொருளைப் பார்த்துக் கொடுக்கப்பட்டது. மரம் இருந்தவருக்கு மரத்துக்கு, படகு இருந்தவருக்குப் படகுக்கு, வீடு இடிந்தவருக்கு வீட்டுக்கு. அடுத்தவர் அளத்தில் கூலிக்கு உப்பு வாரியவருக்கும், தோப்பில் மரம் ஏறியவருக்கும், மட்டை உரித்தவருக்கும், கீற்று முடைந்து பிழைத்த பெண்களுக்கும் குடும்பத்துக்குக் கிடைத்த பொது நிவாரணத்தைத் தவிர அவர்கள் இழந்த வேலைக்கென்று எதுவும் இல்லை. என் மைத்துனர் தங்கள் பக்கம்தான் மரம் ஏறிக்கொண்டிருந்தார். விழுந்த மரத்தில் ஏற ஆள் வேண்டாம். நான்கு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பூருக்குப் போனவர் திரும்பவில்லை.

தங்கள் கேள்விக்கு வருகிறேன். தென்னை வைத்து, அது காய்ப்புக்கு வரும் நாளில் ஏறிப் பறிக்க ஆள் இருப்பாரா என்பதையும் கணக்கில் எடுங்கள். எதை வைத்தாலும் குட்டை இரகமாக, நின்றபடி பறிக்கக்கூடியதாக இருப்பது நல்லது.

பதில் 4: பலாமரத்தடி

பண்ருட்டியிலிருந்து எழுதுகிறேன். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே தானே புயல் கரை கடந்தபோது எங்கள் பலாவும் முந்திரியும் தங்கள் தென்னையைப் போலவே படுத்தன. அப்போது எங்களுக்கு ஏழு வருட அனுபவம் முன்கூட்டிக் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புயலுக்கு அடுத்த ஆடியிலேயே எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே வயதுக் கன்றுகளை நட்டோம். அது தவறு என்று இப்போது படுகிறது. காய்ப்புக்கு வரும்வரை எல்லோருக்கும் ஒன்றாக வருமானம் இல்லை. வந்த பிறகு எல்லோர் மரமும் ஒரே உயரம், அடுத்த புயலுக்கு ஒன்றாக விழும். பழைய தோப்புகளில் தாத்தா நட்டது, அப்பா நட்டது, நாம் நட்டது என்று மூன்று உயரம் இருக்கும். பெரியது விழுந்தாலும் சின்னது நிற்கும். தங்கள் அப்பா நட்ட மரங்களுக்கும் இனி நடப்போகும் கன்றுகளுக்கும் சில வருட இடைவெளி இருக்கிறது. ஒன்றரை ஏக்கர் இத்தனை நாள் தென்னை இல்லாமல் கிடந்ததை நஷ்டமாக நினைக்க வேண்டாம்.

ஒரத்தநாட்டு நண்பரிடம் ஒரு மாறுபாடு. ஆழக் குழி வைத்தால் மரம் நிற்கும் என்பதை முழுவதும் ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. எங்கள் முந்திரி ஆணிவேர் உள்ள மரம், எங்கள் செம்மண்ணும் இளகியது அல்ல, அதுவும் விழுந்தது. வேர் பிடித்துக்கொண்ட இடத்தில் கிளை முறிந்தது. பலமான காற்றுக்கு ஏதாவது ஒன்று முறியத்தான் செய்யும். எனவே நான் மரத்தைக் காப்பாற்றுவதைவிட வருமானத்தைப் பிரித்து வைப்பதைப் பற்றித்தான் யோசிப்பேன். கிளைகளைக் கவாத்து செய்து மரத்தைத் தாழ்வாக வைத்திருப்பவர்கள் இங்கே சிலர் உண்டு. தென்னையில் அதற்கு வழியில்லை. ஒற்றைக் குருத்து போனால் மரமே போயிற்று.

பேராவூரணிக்காரன்

பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி. இதையெல்லாம் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். காற்று திரும்பியதைப் பற்றிக் கேட்டபோது, விழுந்த மரங்கள் எல்லாம் வடக்கே தலைவைத்துக் கிடந்தன என்று உடனே சொன்னார். ஆறு வருடமாக அது எங்களுக்கு ஏன் என்று தோன்றவில்லை. மரம் ஏறுபவரைப் பற்றிப் படித்தபோது மட்டும் எதுவும் சொல்லவில்லை. எங்கள் தோப்பில் ஏறிக்கொண்டிருந்தவரும் இப்போது ஊரில் இல்லை.

தற்போதைக்கு இப்படி நினைத்திருக்கிறோம். முக்கால் ஏக்கரில் குட்டை நெட்டை ஒட்டு இரகம், ஆழக் குழியில், இந்த வருடம் பாதியும் மூன்று வருடம் கழித்து மீதியும். அடுத்த முக்கால் ஏக்கரில் உளுந்தும் எள்ளும் அப்படியே தொடரட்டும் என்பதில் தம்பியும் சம்மதித்துவிட்டான். வரப்பில் பனை போடுவதற்கு அப்பா மறுப்பு ஏதும் சொல்லவில்லை, கொட்டை பொறுக்கப் பக்கத்துக் கண்மாய்க் கரைக்குப் போயிருக்கிறார்.

ஒரத்தநாட்டு ஐயாவுக்கு ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. அப்பா நட்ட நெட்டைகள் காப்பீட்டுக்கு உரிய வயதைத் தொடும் நிலையில் இருக்கின்றன. இந்த ஆண்டு பிரீமியம் கட்டுவதற்கு வேளாண் அலுவலகத்தில் எந்த மாதத்தில் போய்க் கேட்க வேண்டும், சிட்டா அடங்கலைத் தவிர வேறு என்ன கேட்பார்கள் என்பதைத் தெரிந்தால் சொல்லுங்கள்.